நியூகாசிலில் பெனிடெஸுக்கு முதலாளியின் ஆதரவு இருந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கழகத்தை அதன் முதலாளி மைக் ஆஷ்லி விற்றுவிட்டு வெளியேறியது 2021இல். அணியின் மேலாளர் ரஃபா பெனிடெஸ் அங்கிருந்து கிளம்பியது அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பு. ஆனாலும் இங்கிலாந்தில் ஒரு மேலாளர் தன் முதலாளியைப் பற்றி லேசாக முணுமுணுத்தால் போதும், இந்த இருவரின் கதை மறுபடியும் பேச்சுக்கு வந்துவிடுகிறது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும், பழைய ஆட்கள் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆதரவு இருந்ததா, இல்லையா?

இல்லை.

பணம் கொஞ்சம் இருந்தது. பொறுமையும் இருந்தது, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபோதுகூட ஆஷ்லி அவரை விரட்டவில்லை, தக்கவைத்துக்கொள்ளவே பார்த்தார். ஆனால் யாரை வாங்குவது, எப்போது வாங்குவது, யாரை விற்கக் கூடாது என்பதில் மேலாளரின் சொல் எடுபட வேண்டும். அது பெரும்பாலும் எடுபடவில்லை. ஒரு மேலாளருக்கு ஆதரவு என்று நான் சொல்வது அதைத்தான்.

மேலாளர்தானே அணியைத் தேர்ந்தெடுக்கிறார்? உரிமையாளருக்கு இதில் என்ன வேலை?

களத்தில் இறங்கும் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது மேலாளர். ஆனால் அந்தப் பதினொரு பேரை எந்தக் கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்வது பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவர்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. அங்கே எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு வரம்பு, ஒரே ஏலம். இங்கிலாந்துக் கால்பந்தில் ஏலம் கிடையாது. கோடையில் சில வாரங்களும் ஜனவரியில் ஒரு மாதமும் சந்தை திறந்திருக்கும். அந்த நாட்களில் ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்கு விலை கொடுத்து, வீரரிடம் சம்பளம் பேசி முடித்து அழைத்து வரவேண்டும். ஒரு வாரம் தயங்கினால் வீரர் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஆகவே ஒப்புதல் என்ன என்பதைவிட ஒப்புதல் எப்போது வந்தது என்பது பல நேரங்களில் முக்கியமாகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் கிடைக்கும் சம்மதம், ஜூன் மாதத்தில் கிடைக்கும் சம்மதத்தில் பாதிக்குக்கூடப் பெறாது. புதிய ஆட்களோடு பயிற்சி செய்ய வேண்டிய நாட்கள் அதற்குள் போயிருக்கும்.

இடையில் நிர்வாக இயக்குநர், கால்பந்து இயக்குநர், வீரர் தேடும் குழுத் தலைவர் என்று பலர் இருப்பார்கள். நியூகாசிலில் 2014 முதல் நிர்வாக இயக்குநராக இருந்தவர் லீ சார்ன்லி. பெனிடெஸ் கேட்பதெல்லாம் அவர் வழியாகத்தான் லண்டனில் இருந்த ஆஷ்லியின் ஆட்களுக்குப் போயாக வேண்டும்.

ஆஷ்லி எப்படி இந்தக் கழகத்துக்குள் வந்தார்?

ஸ்போர்ட்ஸ் டைரக்ட் என்ற மலிவு விலை விளையாட்டுப் பொருள் கடைகளின் நிறுவனர் அவர். 2007இல் சர் ஜான் ஹால் குடும்பத்தின் பங்குகளையும் பிறகு மற்றவர்களின் பங்குகளையும் வாங்கி, ஏறத்தாழ 13.4 கோடி பவுண்டுக்குக் கழகத்தைத் தனதாக்கிக்கொண்டார். கணக்குப் புத்தகங்களை முழுமையாக அலசாமல் அவசரப்பட்டு வாங்கிவிட்டார் என்பது பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மைதானத்தின் மேல் இருந்த கடன், உரிமை கைமாறினால் உடனே திருப்பித் தரவேண்டிய வகையைச் சேர்ந்தது. அதை அவர் அடைத்தார். கழகத்துக்கு அவர் வட்டியில்லாமல் கொடுத்த கடன் காலப்போக்கில் 10 கோடி பவுண்டைத் தாண்டியது.

அவர் மேல் ஆயிரம் குறை சொல்லும் எனக்கும் இதை மறைக்க மனம் வரவில்லை. அதே காலத்தில் போர்ட்ஸ்மத் திவாலாகி நிர்வாகிகள் கையில் போய்ச் சேர்ந்தது. நியூகாசிலுக்கு அந்த நிலை வரவில்லை.

அப்படியென்றால் அவரைக் கஞ்சன் என்று ரசிகர்கள் சொன்னது தவறுதானே?

கஞ்சன் என்பது சரியான சொல்லே இல்லை. 2015–16 பருவத்தில் ஸ்டீவ் மெக்லாரன் மேலாளராக இருந்தபோது கழகம் ஏறத்தாழ 8 கோடி பவுண்ட் செலவழித்தது. பிரிவில் மிக அதிகம் செலவழித்த கழகங்களில் ஒன்று. அந்த ஆண்டுதான் அணி கீழிறங்கியது!

ஆஷ்லிக்கு ஒரு சூத்திரம் இருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்குள் இருக்கும் ஆளை வாங்கு, மூன்று ஆண்டு ஆடவிடு, லாபத்துக்கு விற்றுவிடு. பிரான்சில் லில் கழகத்திலிருந்து 2011இல் யோஹான் கபாயே நாற்பது லட்சத்துச் சொச்சம் பவுண்டுக்கு வந்தார். 2014 ஜனவரியில் பாரிஸ் சான் ஜெர்மைன் அவரைச் சுமார் 2 கோடிக்கு எடுத்துக்கொண்டது. வியாபாரமாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் பருவத்தின் நடுவில் அணியின் மூளையை விற்றுவிட்டு, அந்த இடத்துக்கு அதே மாதத்தில் யாரையும் வாங்கவில்லை. அப்போதைய மேலாளர் ஆலன் பார்டியூ மீதிப் பாதியை இருப்பதை வைத்து ஓட்டினார்.

அந்த 2013–14 பருவம் தனிக் கூத்து. கால்பந்து இயக்குநர் என்ற பதவியில் ஜோ கின்னியர் என்ற பழைய மேலாளரை ஆஷ்லி உட்காரவைத்தார். பதவியேற்ற கையோடு வானொலிப் பேட்டிக்குப் போன கின்னியர், தன் அணியின் சிறந்த வீரரான கபாயேயின் பெயரை 'கெபாப்' என்று உச்சரித்தார். ஊரே சிரித்தது. பிறகு நடந்தது சிரிப்பதற்கில்லை: இரண்டு சந்தைக் காலங்கள் முடிந்தபோது முதல் அணிக்கென நிரந்தரமாக வாங்கப்பட்ட வீரர் ஒருவர்கூட இல்லை. லோயிக் ரெமி, லூக் டி யோங் என்று இரண்டு இரவல் வீரர்கள் மட்டும். 2014 பிப்ரவரியில் கின்னியர் விலகினார்.

கெவின் கீகன் வழக்கை எதற்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்?

'மேலாளருக்கே இறுதி முடிவு' என்ற வாக்குறுதி எவ்வளவு பெறும் என்பதை ஒரு தீர்ப்பாயம் உட்கார்ந்து எடை போட்ட அரிய சம்பவம் அது. மற்றக் கழகங்களில் இதெல்லாம் வதந்தியாகவே முடிந்துவிடும். இங்கே எழுத்தில் வந்தது.

கீகன் நியூகாசிலில் வெறும் மேலாளர் அல்ல, ஏறக்குறைய குலதெய்வம். 2008 ஜனவரியில் ஆஷ்லி அவரை மறுபடி அழைத்து வந்தார். கூடவே வீரர் வாங்கும் பொறுப்பில் டென்னிஸ் வைஸ் என்பவரையும் நியமித்தார். அந்தக் கோடையில், கீகனுக்கு விருப்பமில்லாத உருகுவே வீரர் இக்னாசியோ கொன்சாலஸ், வாலென்சியாவிலிருந்து இரவலாக வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி எதுவும் தெரியாதே என்ற கீகனுக்கு, யூடியூபில் தேடிப் பாருங்கள் என்று பதில் கிடைத்தது. இரண்டு தென்னமெரிக்க முகவர்களுக்குச் செய்யும் உபகாரம் இது, பிற்காலத்தில் பயன்படும் என்பதுதான் கழகத்தின் காரணம். செப்டம்பர் 4 அன்று கீகன் வெளியேறினார். கொன்சாலஸ் நியூகாசிலுக்காக மாற்று வீரராக இரண்டே ஆட்டங்களில் இறங்கினார்.

2009 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. கீகன் தானாக விலகவில்லை, விலகும் நிலைக்குத் தள்ளப்பட்டார் என்று சொல்லி 20 லட்சம் பவுண்ட் இழப்பீடு வழங்கினார்கள். வீரர்களை வாங்குவதில் கீகனின் சொல்லே கடைசி என்று கழகம் பொதுவெளியில் பேசி வந்தது வெறும் விளம்பர உத்தி என்று கழகத் தரப்பே அந்த விசாரணையில் சொன்னது. இதைப் படித்த பிறகு, எந்தக் கழகமாவது 'எங்கள் மேலாளரை முழுமையாக நம்புகிறோம்' என்று அறிக்கை விட்டால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

இவ்வளவும் தெரிந்து பெனிடெஸ் ஏன் அங்கே போனார்?

2016 ஜனவரியில் ரியால் மாட்ரிட் அவரை நீக்கியிருந்தது. இரண்டு முறை ஸ்பெயினின் லா லீகா, லிவர்பூலோடு 2005இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வென்றவர். அப்படிப்பட்டவர் மார்ச் 11 அன்று, கீழிறங்கும் விளிம்பில் இருந்த அணியைப் பத்து ஆட்டங்கள் மீதமிருக்கும்போது ஏற்றுக்கொண்டார். அவர் குடும்பம் லிவர்பூல் அருகே வசித்தது. இங்கிலாந்தில் வேலை என்பது அவருக்கு அந்த வகையிலும் தோதாக இருந்தது.

அந்தப் பத்தில் மூன்று வெற்றி, நான்கு சமன். கடைசி ஆறு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இருந்தும் போதவில்லை, அணி இறங்கிவிட்டது. ஆனால் மே 15 அன்று நடந்த கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஏற்கனவே இறங்கிவிட்ட அணி, பட்டப் போட்டியில் இருந்துவந்த டாட்டன்ஹாமை 5–1 என்று அடித்துத் துவைத்தது. அரங்கம் முழுவதும் 'ரஃபா, போகாதீர்கள்' என்று பாடியது. தரமிறங்கினால் விலகிக்கொள்ளலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தும் அவர் தங்கினார். பத்து நாள் கழித்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

கீழ்ப்பிரிவில் இருந்த அந்த ஓராண்டு எப்படி?

அந்த ஓராண்டில்தான் அவருக்கு உண்மையான அதிகாரம் இருந்தது என்பது என் கணிப்பு. வைனால்டம், சிசோகோ, டவுன்சென்ட் ஆகியோரை விற்றதில் பெரும் தொகை வந்தது. அதிலிருந்து டுவைட் கேல், மேட் ரிச்சி, ஐசக் ஹேடன், கியரன் கிளார்க் என்று அவர் கேட்ட வகையான ஆட்களை, அவர் கேட்ட நேரத்தில் வாங்கினார்கள். வரவு செலவை நேர் செய்தால் கழகம் லாபத்தில்தான் இருந்தது. ஆனால் அதை அவர் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் பட்டியல் அவருடையது. சாம்பியன்ஷிப் எனப்படும் அந்த இரண்டாம் பிரிவில் சராசரியாக 51,000க்கு மேல் கூட்டம். 94 புள்ளிகளோடு கடைசி நாளில் பிரைட்டனை முந்திக் கோப்பையை வென்றார்கள்.

'கடைசிப் பைசா வரை உங்களுக்கே' என்று ஆஷ்லி வாக்களித்தது உண்மையா?

உண்மை. 2017 மே மாதம், மேலே ஏறிய கையோடு வந்த அறிக்கை அது. தரமுயர்வாலும் வீரர் விற்பனையாலும் மற்ற வழிகளாலும் கழகம் ஈட்டும் ஒவ்வொரு பைசாவும் ரஃபாவுக்குத்தான் என்ற பொருளில் இருந்தது.

கவனித்துப் படித்தால் சூட்சுமம் தெரியும். கழகம் ஈட்டும் பைசா என்றுதான் இருக்கிறதே தவிர, முதலாளியின் பையிலிருந்து என்று இல்லை. கழகம் ஈட்டியதிலிருந்து முதலில் பழைய கடன், சம்பள பாக்கி, முந்தைய வீரர்களுக்கான தவணைகள் எல்லாம் போகும். வீரர்களுக்கான விலையை யாரும் ஒரே நாளில் முழுதாகக் கட்டுவதில்லை; ஆண்டுக்கணக்கில் தவணை. ஆகவே 'ஈட்டியது' எவ்வளவு என்பதைக் கணக்காளர் சொல்லும்வரை மேலாளருக்குத் தெரியாது. அந்தக் கோடையில் ஜேக்கப் மர்ஃபி, லெஜூன், அட்சு, ஹொசெலு, மெரினோ போன்றோர் வந்தார்கள். மோசமான பட்டியல் அல்ல. ஆனால் பிரீமியர் லீக்கில் கோல் அடிப்பதற்கென்று 50 லட்சம் பவுண்டுக்கு ஹொசெலுவை நம்பி இறங்கிய அணி அது.

ஆகஸ்டில் ஆஷ்லி தொலைக்காட்சியில் வந்து, தன் சொத்தெல்லாம் பங்குகளாக இருக்கிறது, மான்செஸ்டர் சிட்டி போன்றவர்களோடு போட்டியிடும் அளவுக்குத் தான் பணக்காரர் இல்லை என்றார். அக்டோபரில் கழகம் விற்பனைக்கு என்று அறிவித்தார். விற்கப் போகிறவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பாரா?

2018 கோடையைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள். என்ன நடந்தது?

முந்தைய பருவத்தில் பெனிடெஸ் அந்த அணியை 44 புள்ளிகளோடு பத்தாம் இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கடைசி நாளில் செல்சியை 3–0 என்று வென்று முடித்தார்கள். எந்த முதலாளியும் கொஞ்சம் உற்சாகமாகி அள்ளிக்கொடுக்கும் தருணம். நடந்தது நேர்மாறு. மிட்ரோவிச் ஃபுல்ஹாமுக்கும் மெரினோ ரியால் சொசிடாடுக்கும் விற்கப்பட்டார்கள். வாங்கியவர்களுக்குக் கொடுத்த தொகை, விற்றதில் வந்ததைவிடக் குறைவு. ஃபாபியான் ஷார் வந்தது 30 லட்சம் பவுண்டுக்கு. அது திருடியதற்குச் சமம், பெனிடெஸின் கண்ணுக்குச் சாட்சி. கி சுங்-யுவெங் விலையின்றி வந்தார். முன்கள வீரர் வேண்டும் என்றபோது, டுவைட் கேலை வெஸ்ட் பிராமுக்கு இரவல் கொடுத்து சலமோன் ரொண்டோனை இரவல் வாங்கினார்கள். ஒரு ஆளை அனுப்பி இன்னொரு ஆளை அழைப்பது.

பருவம் தொடங்கும் முன்பே வீரர்கள் ஊக்கத்தொகைத் தகராறில் ஊடகப் பேட்டிகளைப் புறக்கணித்தார்கள். அதே ஆகஸ்டில் ஆஷ்லி தன் வணிகத்துக்காக ஹவுஸ் ஆஃப் ஃபிரேசர் என்ற நொடித்துப்போன பல்பொருள் அங்காடிச் சங்கிலியை 9 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அந்த நிறுவனத்தின் பணமும் கழகத்தின் பணமும் வேறு வேறு என்பது சரிதான். ஆனால் அந்த ஒற்றைச் செய்தி ரசிகர்களைக் கொதிக்கவைத்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

முதல் பத்து லீக் ஆட்டங்களில் வெற்றியே இல்லை. அக்டோபரில் ஆஷ்லி, பெனிடெஸையும் வீரர்களையும் நியூகாசில் அருகே பான்ட்லண்டில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்துப் போனார். ஊரே அந்த இரவைப் பற்றிப் பேசியது. மேலாளர் கேட்டது முன்கள வீரர், கிடைத்தது பாஸ்தா.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்பெயினின் வாலென்சியாவில் மேலாளராக இருந்தபோதே, தான் கேட்ட ஆளை விட்டுவிட்டு வேறொருவரை வாங்கிவந்த நிர்வாகத்தை, வீட்டுக்கு சோபா கேட்டால் விளக்கு வாங்கி வருகிறார்கள் என்ற பொருளில் பெனிடெஸ் கிண்டலடித்தவர். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு விளக்குதான் வந்துகொண்டிருந்தது.

ஜனவரியில் அல்மிரோனை வாங்கினார்களே?

வாங்கினார்கள், சந்தையின் கடைசி நாளில். அட்லாண்டா யுனைடெடிலிருந்து மிகேல் அல்மிரோன், 2 கோடி பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அது கழகத்தின் சாதனைத் தொகை. அதற்கு முந்தைய சாதனை மைக்கேல் ஓவன், 2005இல், அதாவது ஆஷ்லி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. நெய்மாருக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்கும் அளவுக்கு உலகச் சந்தை விலை பறந்த அந்தப் பதின்மூன்றரை ஆண்டுகளில், நியூகாசில் தன் பழைய உச்ச விலையைக்கூடத் தொடவில்லை. ஆதரவு பற்றிய எந்த வாதத்துக்கும் இந்த ஒரு தகவல் போதும்.

ரொண்டோனும் ஜோயலின்டனும் ஏன் எப்போதும் ஒன்றாகப் பேசப்படுகிறார்கள்?

2018–19 பருவத்தில் ரொண்டோன் அந்த அணியின் முதுகெலும்பு. பந்தை நெஞ்சில் வாங்கி நிறுத்தி, மற்றவர்கள் மேலேறி வரும்வரை இரண்டு தடுப்பாட்டக்காரர்களை முதுகில் தாங்குவார். பெனிடெஸ் அவரை நிரந்தரமாக வாங்கச் சொன்னார். விலை 1.65 கோடி பவுண்ட். ஆஷ்லி மறுத்தார், வயது 29, திருப்பி விற்க முடியாது.

2019 ஜூன் இறுதியில் பெனிடெஸின் ஒப்பந்தம் முடிந்தது, அவர் போனார். ஜூலையில் ஹோஃபன்ஹைமிலிருந்து ஜோயலின்டன் வந்தார். விலை 4 கோடி பவுண்ட், வயது 22. இல்லாத பணம் ஒரு மாதத்தில் எங்கிருந்து வந்தது? பணம் எப்போதும் இருந்தது என்பதுதான் விஷயம். சூத்திரத்துக்குப் பொருந்தும் வீரருக்கு அது கிடைக்கும், மேலாளரின் தேவைக்குப் பொருந்தும் வீரருக்குக் கிடைக்காது.

ஜோயலின்டன் முன்கள வீரராக அங்கே தோற்றார். முதல் பருவத்தில் லீக்கில் இரண்டே கோல். பிற்பாடு எடி ஹௌ மேலாளராக வந்து அவரை நடுக்களத்தில் இறக்கியபோதுதான் அவர் யார் என்றே உலகத்துக்குத் தெரிந்தது. அவரை மேலாளர் ஒருவர் தன் திட்டத்துக்காகக் கேட்டு வாங்கியிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

பெனிடெஸ் போன பிறகு வந்த ஸ்டீவ் புரூஸும் அதே புள்ளிகளைத்தானே எடுத்தார்?

ஆஷ்லியின் ஆதரவாளர்கள் வைத்திருக்கும் ஒரே கூர்மையான கத்தி இது. பெனிடெஸ் இரண்டு பிரீமியர் லீக் பருவங்களில் எடுத்தது 44, 45. புரூஸ் அடுத்த இரண்டில் எடுத்தது 44, 45. அச்சு அசலாக அதே எண்கள்!

ஆனால் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். புரூஸுக்கு ஜோயலின்டன், செயிண்ட்-மேக்ஸிமின், பிறகு 2 கோடிக்கு கேலம் வில்சன். பெனிடெஸுக்கு அவர் முதல் பருவத்தில் ஹொசெலுவும் கேலும். கூடுதல் முதலீட்டுக்குப் பிறகும் அணி அதே இடத்தில் நின்றது என்பது, முன்னவர் எவ்வளவு பிழிந்தெடுத்தார் என்பதைத்தான் காட்டுகிறது. இன்னொரு கணக்கு புள்ளிப்பட்டியலில் வராது. 2019 டிசம்பரில் கழகம் 10,000 அரைப்பருவ டிக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. கீழ்ப்பிரிவில் ஆடியபோதே ரசிகர்கள் இடம் கிடைக்காமல் தவித்த அதே அரங்கம் அது.

பெனிடெஸ் பக்கம் தவறே இல்லையா?

இருக்கிறது. அவர் கேட்பதை நிறுத்தவே மாட்டார். பயிற்சி மைதானம், இளையோர் அணி, மருத்துவக் குழு, எல்லாவற்றிலும் தலையிடுவார். 2007 நவம்பரில் லிவர்பூலில், அமெரிக்க உரிமையாளர்கள் ஹிக்ஸ், ஜில்லெட் இருவரோடும் மனக்கசப்பு வந்தபோது, பத்திரிகையாளர் கேட்ட கேள்விக்கெல்லாம் 'என் கவனம் அணிக்குப் பயிற்சி கொடுப்பதில்தான்' என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி முதலாளிகளைச் சந்தி சிரிக்கவைத்தார். நியூகாசிலிலும் ஒவ்வொரு பேட்டியிலும் ஒரு ஊசி இருக்கும். புன்னகையோடு, மரியாதையாக, ஆனால் ஊசி.

தவிர, அவருடைய ஆட்டமுறை தற்காப்பு சார்ந்தது. ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தி, பெரிய அணிகளிடம் பந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். கையில் இருந்ததற்கு வேறு வழியில்லை என்பது அவர் தரப்பு. 2019 ஜனவரி 29 அன்று மான்செஸ்டர் சிட்டியை 2–1 என்று வீழ்த்தியபோது அந்த வாதத்தை மறுக்க யாரும் முன்வரவில்லை. ஆனால் நல்ல அணி கிடைத்திருந்தாலும் அவர் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் ஆடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் அடுத்துப் போனது சீனாவின் டாலியன் அணிக்கு, பெருஞ்சம்பளத்துக்கு. அதை வைத்து 'பணத்துக்காக ஓடினார்' என்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்த ஆள் வேறு வேலைக்குப் போனார். இதில் பேச என்ன இருக்கிறது?

புதிய உரிமையாளர்கள் வந்த பிறகு எல்லாம் தீர்ந்துவிட்டதா?

2021 அக்டோபர் 7 அன்று சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் 80 சதவீதமும், அமாண்டா ஸ்டேவ்லியின் நிறுவனமும் ரூபன் குடும்பமும் தலா 10 சதவீதமுமாகச் சேர்ந்து கழகத்தை 30.5 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஓர் அரசின் பணம் கால்பந்துக் கழகத்துக்குள் வருவதைப் பற்றிய கேள்விகள் பெரியவை. இந்தப் பக்கத்தில் அடங்காதவை. மேலாளருக்கு ஆதரவு என்ற கோணத்தில் மட்டும் சொன்னால், எடி ஹௌவுக்கு முதல் ஜனவரியிலேயே ட்ரிப்பியர், புரூனோ கிமராயிஷ், டான் பர்ன், கிறிஸ் வுட் என்று கிடைத்தார்கள். வுட்டுக்கு அப்போது வயது 30, பர்னுக்கு 29. பழைய சூத்திரப்படி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். 2025 மார்ச்சில் லிவர்பூலை 2–1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்தார்கள், 1955க்குப் பிறகு உள்நாட்டில் கிடைத்த முதல் பெரிய கோப்பை. முதல் கோலைத் தலையால் அடித்தவர் டான் பர்ன்.

ஆனாலும் முதலாளி நினைத்தால் எதையும் வாங்கலாம் என்ற காலம் இல்லை. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. 2024 ஜூன் மாதக் கணக்கு முடியும் முன் அந்த விதிக்காகவே எலியட் ஆண்டர்சனையும் மின்டேயையும் விற்க நேர்ந்தது. ஆண்டர்சன் உள்ளூர்ப் பையன், சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர். அவர் போவதை ஹௌ விரும்பவில்லை. அங்கே முதலாளி கைவிரிக்கவில்லை, விதி கையைக் கட்டியது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 'ஆதரவு இல்லை' என்று எழுதுகிற பத்திகளை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

ஒரு மேலாளருக்கு ஆதரவு இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்தச் செலவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தில் புதிய வீரர்களில் எத்தனை பேரை மேலாளர் இறக்குகிறார் என்று பாருங்கள். தான் கேட்டு வாங்கிய ஆளை எந்த மேலாளரும் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கமாட்டார். அடுத்து, முக்கிய வீரர் விற்கப்பட்டால் மாற்று ஆள் அதே சந்தைக்குள் வந்தாரா என்று பாருங்கள். பேட்டிகளில் 'கழகம் முடிவெடுத்தது' என்று சொல்கிறாரா, 'நாங்கள் முடிவெடுத்தோம்' என்று சொல்கிறாரா என்பதிலும் நிறைய இருக்கிறது. முதலாளியின் அறிக்கைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீகன் வழக்குக்குப் பிறகு அதற்கு மதிப்பே இல்லை.

முதலாளி முழு ஆதரவு கொடுத்தும் மேலாளர் தப்பிக்காத கதை உண்டா?

உண்டு, அதிலும் பெனிடெஸ்தான். 2021இல் எவர்ட்டன் அவரை எடுத்தது. லிவர்பூலின் முன்னாள் மேலாளரை, அதே ஊரின் பரம எதிரியான எவர்ட்டனில் கொண்டுவந்து உட்காரவைப்பதே ரசிகர்கள் முகத்தில் அறைவது போல. உரிமையாளர் ஃபர்ஹாத் மொஷிரி அதையும் மீறிச் செய்தார். முந்தைய ஆண்டுகளில் அவர் வாரியிறைத்ததால் அந்தக் கோடையில் பெனிடெஸுக்குச் செலவழிக்க விதிகள் இடம் தரவில்லை. டெமரை கிரே மட்டும் 17 லட்சம் பவுண்டுக்கு வந்தார், மற்றவர்கள் விலையில்லாமல். பிறகு, அணியின் மிகச் சிறந்த இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் லூக்கா டீன்யேவுக்கும் பெனிடெஸுக்கும் முட்டிக்கொண்டது. கழகம் மேலாளர் பக்கம் நின்றது. 2022 ஜனவரி 13 அன்று டீன்யே ஆஸ்டன் வில்லாவுக்கு விற்கப்பட்டார். இதைவிட வெளிப்படையான ஆதரவு எதுவும் இருக்க முடியாது.

15ஆம் தேதி எவர்ட்டன் நார்விச்சிடம் 2–1 என்று தோற்றது. 16ஆம் தேதி பெனிடெஸ் நீக்கப்பட்டார்.